வெப்பநிலை நிறுத்தி: எஞ்சினின் வாயிற்காவலன்



மாலை ஐந்து மணிக்கு மேல் பம்பலப்பிட்டிச் சந்தியைக் கடந்து செல்ல முயன்றோர் அறிவர், அங்கே வாகனங்கள் ஓடுவதில்லை, ஊர்கின்றன. செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலை நோக்கி ஆடிவேல் இரதம் வரும் நாளிலோ அந்த ஊர்தலும் நின்றுவிடுகிறது. எஞ்சின்கள் மாத்திரம் இயங்கிக்கொண்டிருக்கும். அத்தகைய வேளைகளில், வீதியோரம் ஒதுக்கி நிறுத்தப்பட்டு, முன்மூடி திறந்தபடி ஆவி கக்கி நிற்கும் காரொன்றைக் காண்பது புதுமையன்று. சுற்றி நிற்போர் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வர். அவற்றுள் ஒன்று, கொழும்பின் கராஜுகளிலும் வீதியோரங்களிலும் நெடுங்காலமாகக் கேட்டுவருவது: "தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுங்கள், ஐயா. அது குளிர்நாட்டுக்காரருக்கு வேண்டிய சாமான். இந்தச் சூட்டுக்கு எதற்கு அது?"

கேட்பதற்கு இக்கூற்று நியாயமானதாகவே தோன்றும். ஆண்டு முழுவதும் வெயில் காயும் ஊரில், எஞ்சினின் சூட்டைக் காத்துவைக்கும் கருவி ஒன்று ஏன் இருக்கவேண்டும்? இவ்வினாவுக்கு விடை காண்பதும், அக்கருவியைப் பேணும் முறையையும் மாற்றும் முறையையும் விளக்குவதுமே இப்பேச்சின் நோக்கம்.

பொருள் சிறிது, உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆயினும் அதனால் விளையும் இலாப நட்டம் சிறிதன்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான கார்களை இறக்குமதி செய்ய 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் இடம் கிடைத்தது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில், கையிலிருந்த வண்டியைக் காப்பாற்றி ஓட்டுவதைத் தவிர நடுத்தரக் குடும்பங்களுக்கு வேறு வழியிருக்கவில்லை. அதற்கிடையே 2022இல் எரிபொருள் நெருக்கடி வந்தது. பெற்றோல் நிலையங்களின் முன் வண்டிகள் நாட்கணக்கில் வரிசையில் நின்றன. அவ்வாண்டு யூலை மாதத்தில் எரிபொருள் அட்டை முறை வந்தபோது, கார் ஒன்றுக்கு வாரத்துக்கு 20 லீற்றரே முதலில் ஒதுக்கப்பட்டது. ஒவ்வொரு லீற்றரையும் எண்ணிச் செலவிட்ட அந்நாள்களிலும், தேர்மோஸ்டாட் கழற்றப்பட்ட வண்டிகள் உரியவருக்குத் தெரியாமலே எரிபொருளை வீணாக்கிக்கொண்டிருந்தன. பழைய எஞ்சினை இன்னும் பல்லாண்டு ஓட்ட விரும்பும் எவரும் இச்சிறு கருவியை அலட்சியம் செய்தல் ஆகாது.

முதலில், எஞ்சினுக்குள் நிகழ்வதைச் சுருக்கமாகப் பார்ப்போம். பெற்றோலோ டீசலோ எரிந்து தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே வண்டியை ஓட்டும் வேலையாக மாறுகிறது. மற்றொரு பெரும் பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. எஞ்சியது சிலிண்டர்களின் சுவரையும் எஞ்சின் தலையையும் சுடவைக்கிறது. இச்சூட்டை அகற்றாவிடின் உலோகம் விரிந்து, எண்ணெய் கருகி, பிஸ்டன்கள் இறுகிவிடும். ஆகையால் சிலிண்டர்களைச் சுற்றி நீரோடும் வழிகள் அமைக்கப்பட்டுள்ளன. பம்பு அந்நீரைத் தள்ளுகிறது. சூடேறிய நீர் முன்னாலுள்ள றேடியேற்றருக்குச் சென்று, காற்றுப்பட்டு ஆறி, மீண்டும் எஞ்சினுக்குத் திரும்புகிறது.

ஆதியில் இந்த ஏற்பாடு இன்னும் எளிமையாக இருந்தது. 1908 முதல் 1927 வரை உற்பத்தியான புகழ்பெற்ற ஃபோர்டு 'ரி' வகைக் காரில், தொடக்க காலத்து வண்டிகள் நீங்கலாக, நீர்ப்பம்பு கிடையாது. சூடான நீர் மேலேறும், ஆறிய நீர் கீழிறங்கும் என்னும் இயற்கை விதியே நீரைச் சுழலச் செய்தது. எஞ்சின்களின் வலிமை பெருகியபோது பம்பு இன்றியமையாததாயிற்று. பம்பு வந்ததும் புதிய சிக்கல் ஒன்றும் உடன் வந்தது. எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையிலும் பம்பு நீரை றேடியேற்றருக்கே தள்ளியது; எஞ்சின் சூடேறுவதற்குக் காலம் பிடித்தது. வேண்டியபோது வழியைத் திறந்து, வேண்டாதபோது அடைக்கும் காவலன் ஒருவன் தேவைப்பட்டான். அவனே தேர்மோஸ்டாட்.

வெப்பம் என்றும் நிற்பது என்றும் பொருள்தரும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. தமிழில் வெப்பநிலை நிறுத்தி எனலாம். முற்காலத்து நிறுத்திகளில், எளிதில் ஆவியாகும் திரவம் அடைத்த, மடிப்பு மடிப்பான உலோகப் பையொன்று விரிந்து வால்வைத் திறந்தது. இன்று வழக்கிலுள்ள மெழுகு நிறுத்தியை சேர்ஜியஸ் வேர்னே என்பவர் 1934இல் கண்டுபிடித்தார். அதன் அமைப்பு வியக்கத்தக்க அளவுக்கு எளியது. உலோகத்தாலான சிறு குப்பியொன்றில் மெழுகு அடைக்கப்பட்டிருக்கும். அம்மெழுகின் நடுவே, றப்பர் உறைக்குள், மெல்லிய உருக்குத் தண்டொன்று செருகப்பட்டிருக்கும். நீர் குறிப்பிட்ட சூட்டை அடைந்ததும் மெழுகு உருகி விரிகிறது; றப்பரை நெருக்குகிறது; தண்டு வெளியே தள்ளப்படுகிறது. தண்டின் மேல்முனை சட்டத்திலே பொருந்தி நிற்பதால், குப்பி கீழிறங்கி வால்வுத் தட்டையும் தன்னுடன் இழுத்துச் செல்கிறது. வழி திறக்கிறது. நீர் ஆறியதும் மெழுகு சுருங்க, சுருள்வில் வால்வை மீண்டும் மூடிவிடுகிறது. மின்சாரமும் வேண்டியதில்லை, ஓட்டுநரின் கையும் வேண்டியதில்லை.

வால்வு மூடியிருக்கும்போது நீர் அசைவற்று நிற்பதில்லை. றேடியேற்றருக்குப் போகாது, 'பைபாஸ்' எனப்படும் குறுக்குவழியாக எஞ்சினுக்குள்ளேயே சுற்றிவரும். இதனால் எஞ்சினின் எல்லாப் பகுதிகளும் ஒரு சீராகச் சூடேறுகின்றன. உரிய சூடு வந்ததும் வால்வு சிறிது சிறிதாகத் திறக்கும். ஏற்றத்தில் அதிகம் திறப்பதும், இறக்கத்தில் ஓரளவு மூடுவதுமாக, வண்டி ஓடும் நேரமெல்லாம் அது தன் பணியைச் செய்துகொண்டேயிருக்கும்.

இனி, வெயில் நாட்டுக்கு இது வேண்டுமா என்னும் வினாவுக்கு வருவோம். கொழும்பின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 28 பாகை செல்சியஸ். பெரும்பாலான நிறுத்திகள் திறக்கத் தொடங்குவதோ 80 பாகையை ஒட்டியே. ஆகவே காலையில் பம்பலப்பிட்டியில் இயக்கப்படும் எஞ்சின் தனக்குரிய சூட்டைவிட 50 பாகைக்கு மேல் குளிர்ந்த நிலையிலேயே தன் நாளைத் தொடங்குகிறது. மனிதருக்கு வியர்க்கும் வெயில் எஞ்சினுக்குக் குளிரே. இலண்டன் மாநகரத்துப் பனிக்காலத்தில் இந்த இடைவெளி இன்னும் இருபது, இருபத்தைந்து பாகை கூடியிருக்கலாம். வேறுபாடு அவ்வளவே.

குளிர்ந்த எஞ்சினுக்கு என்ன கேடு நேர்கிறது? சிலிண்டருக்குள் புகும் பெற்றோல் முழுவதும் ஆவியாவதில்லை. ஆவியாகாத துளிகள் குளிர்ந்த சுவரிலே படிந்து, அங்குள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடுகின்றன. எரிபொருள் எரிவதால் உண்டாகும் நீராவியும் அச்சுவரிலே நீர்த்துளிகளாகப் படிகிறது. அந்நீர் எரிவாயுக்களோடு கலந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கிறது. 1930ஆம் ஆண்டுகளில் பிரித்தானியாவில் சி. ஜி. வில்லியம்ஸ் என்பவர் மோட்டார் பொறியியலாளர் நிறுவகத்துக்காக நடத்திய ஆராய்ச்சிகள், குளிர்ந்த எஞ்சினில் சிலிண்டர் தேய்வதற்கு இவ்வரிப்பு ஒரு முக்கிய காரணம் என்பதை எடுத்துக்காட்டின. இவையன்றி, எண்ணெயுடன் நீர் கலந்து கரிய சேறாகித் தங்குவதும் உண்டு. இக்கேடுகளுள் எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை, ஆவி பறப்பதில்லை, வண்டி நடுவழியில் நிற்பதுமில்லை. ஆண்டுகள் சில சென்றபின், எஞ்சின் புகை கக்கும்போதும் எண்ணெய் குடிக்கும்போதும்தான் உரியவர் உணர்கிறார். அப்போது பழி வேறெதன் மீதோ விழுகிறது.

புதிய வண்டிகளில் இந்நட்டம் இன்னும் கூடுதலானது. அவற்றில் எரிபொருளின் அளவைக் கணிப்பொறியே தீர்மானிக்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கிறதென்று உணர்கருவி அறிவித்தால், கணிப்பொறி பெற்றோலைக் கூட்டியே ஊட்டும். நிறுத்தி இல்லாத எஞ்சின் குளிர்நிலையிலேயே நெடுநேரம் ஓடுவதால், கூடுதல் ஊட்டமும் தொடர்ந்துகொண்டே இருக்கும். கொழும்பு வீதிகளில் மலிந்துள்ள ஹைபிரிட் கார்களோ, எஞ்சின் போதிய சூட்டை அடைந்த பின்னரே அதனை நிறுத்தி மின்சாரத்தில் ஓடத் தொடங்கும். சூடு ஏறாத எஞ்சின் ஓய்வதில்லை. ஹைபிரிட் வண்டியை வாங்கிய பயனே அங்குக் குறைந்துவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். பம்பலப்பிட்டியில் வசிக்கும் ஒருவர் காலையில் பிள்ளைகளை வெள்ளவத்தைப் பாடசாலையில் விட்டு வீடு திரும்புகிறார். பின்னர் சந்தைக்கு ஒருமுறை, மாலையில் வகுப்புக்கு ஒருமுறை செல்கிறார். ஒவ்வொரு பயணமும் இரண்டு மூன்று கிலோமீற்றர். நிறுத்தி செம்மையாக உள்ள வண்டியிலேயே இத்தகைய குறும்பயணங்களில் எஞ்சின் முழுச் சூட்டை அரிதாகவே அடையும். நிறுத்தி அகற்றப்பட்ட வண்டியில் அஃது அடைவதே இல்லை எனலாம். நாள் முழுதும் ஓடும் வாடகை வண்டியைவிட, இவ்வாறு அருகில் சென்றுவரும் குடும்ப வண்டிக்கே நிறுத்தியின் தேவை மிகுதி.

மேலும், அதனைக் கழற்றினால் எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடும் என்பதும் உறுதியன்று. பல எஞ்சின்களில் நிறுத்தியின் அடிப்புறத்தில் இரண்டாவது தட்டொன்று உண்டு. பிரதான வால்வு திறக்கும்போது அத்தட்டு பைபாஸ் வழியை மூடிவிடும். நிறுத்தியைக் கழற்றிவிட்டால் அக்குறுக்குவழி என்றும் திறந்தே கிடக்கும். சூடான நீரின் ஒரு பகுதி றேடியேற்றரைக் காணாமலே எஞ்சினுக்குள் சுற்றும். சமதரையில் குளிர்ந்து ஓடிய வண்டி கடுகண்ணாவை ஏற்றத்தில் கொதிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இவ்விடயத்தில் வண்டி செய்தோரின் எண்ணம் யாதென்பதற்குப் பழைய சான்றொன்று உண்டு. இந்நாட்டில் பெரிதும் போற்றப்பட்ட மொறிஸ் மைனர் காரிலே 1952 முதல் பொருத்தப்பட்டதும், பின்னர் மினி காரிலே அமைந்ததும், பிரித்தானிய மோட்டார் கூட்டுத்தாபனத்தின் 'ஏ' வரிசை எஞ்சின் ஆகும். அவ்வெஞ்சினுக்கு மூவகை நிறுத்திகள் விதிக்கப்பட்டன. பொதுவாக 82 பாகை. குளிர் நாடுகளுக்கு 88 பாகை. வெப்ப நாடுகளுக்கு 74 பாகை. வெப்ப நாட்டுக்கு வேறு அளவுடைய நிறுத்தியைப் பொருத்துமாறு சொன்னார்களேயன்றி, நிறுத்தியே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை.

அப்படியாயின், கழற்றும் வழக்கம் எப்படி வேரூன்றியது? கராஜுகளில் 'பாஸ்' என அழைக்கப்படும் தொழிலாளர் அறிவற்றவர் அல்லர். அவர்களுடைய அனுபவத்திலும் ஓர் உண்மை உண்டு. நிறுத்தி பழுதடைந்து மூடிய நிலையில் இறுகிவிட்டால், எஞ்சின் சில நிமிடங்களிலே கொதித்துவிடும். இரவு வேளையில், மலைப்பாதையில், புதியது கிடையாத இடத்தில், அதனைக் கழற்றிவிட்டு வண்டியை மெல்ல வீடு சேர்ப்பது பல எஞ்சின்களில் கூடியதே. ஆபத்துக்குச் செய்த அந்த உபாயமே நாளடைவில் நிரந்தர வைத்தியமாகிவிட்டது. றேடியேற்றர் அடைபட்டிருக்கும் வண்டிக்கும் இதே வைத்தியம் சில காலம் பலன் தருவதுபோலத் தோன்றும். நோய் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும்.

ஆகவே முதலில் நோயை அறிதல் வேண்டும். வண்டியை இயக்கிச் சில நிமிடங்களுக்குள் வெப்பமுள் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறுகிறது. எஞ்சின் கொதிக்கும் நிலையிலும் றேடியேற்றருக்குச் செல்லும் குழாய் குளிர்ந்தே இருக்கிறது எனின், நிறுத்தி மூடியபடி இறுகியிருக்கலாம். நெடுநேரம் ஓடியும் முள் எழவில்லை, அல்லது அதிவேக நெடுஞ்சாலையில் முள் கீழே இறங்குகிறது எனின், அது திறந்தபடி இறுகியிருக்கலாம், அல்லது முன்னரே யாரோ கழற்றியிருக்கலாம். முள் இல்லாத சிறிய ஜப்பானியக் கார்களில் நீல நிற விளக்கொன்று குளிர்நிலையைக் காட்டும். அவ்விளக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் அணையாதிருப்பதும் இதே அறிகுறி. கணிப்பொறியைச் சோதிக்கும் கருவியில் 'பீ-0128' என்ற குறியீடு தோன்றினால், எஞ்சின் உரிய சூட்டை அடையவில்லை என்பது பொருள்.

நெரிசலில் மாத்திரம் சூடேறி, ஓடத் தொடங்கியதும் ஆறுகிற வண்டியில் பெரும்பாலும் விசிறியே சோதிக்கத்தக்கது. ஏற்றத்திலும் வேகத்திலும் மாத்திரம் சூடேறுமாயின் றேடியேற்றர் அடைபட்டிருக்கலாம். நீர் அடிக்கடி குறையுமாயின் கசிவையும், றேடியேற்றர் மூடியையும், எஞ்சின் தலைக் காஸ்கெட்டையும் பார்த்தல் வேண்டும். இவற்றுள் எதற்கும் நிறுத்தியைக் கழற்றுவது மருந்தாகாது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். சூடான எஞ்சினில் றேடியேற்றர் மூடியைத் திறத்தலே ஆகாது. அம்மூடி நீரை அழுத்தத்தில் வைத்திருக்கிறது. வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போன்று ஏறத்தாழ இருமடங்கு அழுத்தத்தில் தூய நீர் 118 பாகை வரை கொதிக்காது. மூடியைத் திறந்த கணத்திலே அழுத்தம் நீங்கும். நீர் முழுதும் கொதித்துச் சீறி முகத்திலும் கையிலும் பாயும். முள் சிவப்பை எட்டினால், குளிரூட்டியை நிறுத்தி, பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி, எஞ்சினை நிறுத்தி, குழாயைக் கையால் பற்றக்கூடிய அளவுக்கு ஆறும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். ஆறிய பின்னும் தடித்த துணியால் மூடியைப் பற்றி, மெல்லவே திருப்பவேண்டும். கொதித்த எஞ்சினுக்குள் குளிர்ந்த நீரைத் திடீரென ஊற்றினால் உலோகம் வெடிக்கவும் கூடும். றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுவோர் இன்னொன்றையும் நினைவிற்கொள்ளல் நன்று. கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தேயுள்ள அவ்வூரில், திறந்த பாத்திரத்திலுள்ள நீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். கசியும் மூடியோடு மலையேறுவது ஆபத்தை விலைகொடுத்து வாங்குவதாகும்.

நிறுத்தி பழுதா அல்லவா என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். சமையலுக்குப் பயன்படாத பழைய பாத்திரமொன்றில் நீர் நிரப்பி, நிறுத்தியை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாதவாறு தொங்கவிடவேண்டும். பக்கத்திலே 100 பாகை வரை காட்டும் வெப்பமானி ஒன்றும் தொங்கட்டும். நீரை மெல்லச் சூடாக்கினால், நிறுத்தியில் பொறிக்கப்பட்டுள்ள பாகையை ஒட்டி வால்வு அசையத் தொடங்கும். அதற்குமேல் பத்துப் பதினைந்து பாகைக்குள் நன்கு திறந்துவிட வேண்டும். பல எஞ்சின்களுக்கு இத்திறப்பு ஏறத்தாழ 8 மில்லிமீற்றர். அடுப்பை அணைத்து நீரை ஆறவிட்டால் வால்வு இடைவெளியின்றி மூடிக்கொள்ளவும் வேண்டும். கொதிநீரிலும் திறவாதது, குளிர்நீரிலும் மூடாதது ஆகிய இரண்டும் மாற்றத்தக்கவை. செப்பனிட முயல்வதில் பயனில்லை.

மாற்றும் முறை கடினமானதன்று, பொறுமையே வேண்டுவது. எஞ்சின் முற்றாகக் குளிர்ந்திருத்தல் முதல் விதி. இரவு முழுதும் நிறுத்தி வைத்த வண்டியே உகந்தது. றேடியேற்றரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, நிறுத்தி இருக்கும் மட்டத்துக்குக் கீழே வரும்வரை கூலன்ட் திரவத்தைச் சுத்தமான பாத்திரமொன்றில் இறக்கவேண்டும். றேடியேற்றரிலிருந்து வரும் தடித்த றப்பர் குழாய் எஞ்சினைச் சேருமிடத்திலே, இரண்டு மூன்று ஆணிகளால் பொருத்தப்பட்ட உலோக மூடியொன்று இருக்கும். பழைய எஞ்சின்கள் பலவற்றில் அது மேற்குழாயின் முனையில் இருக்கும். பின்வந்த ஜப்பானிய எஞ்சின்கள் பலவற்றில் கீழ்க்குழாயின் முனையில் காணப்படும். கிளிப்பைத் தளர்த்திக் குழாயைக் கழற்றி, ஆணிகளை நீக்கி, மூடியைத் தூக்கினால் உள்ளே நிறுத்தி தெரியும்.

அதனை எடுக்கும் முன், எப்பக்கம் எங்கே நோக்கியிருக்கிறது என்பதைக் கவனித்தல் மிக முக்கியம். மெழுகுக் குப்பியும் சுருள்வில்லும் உள்ள பக்கமே எஞ்சினை நோக்கியிருக்க வேண்டும். தலைகீழாகப் பொருத்தினால் எஞ்சினின் சூடு மெழுகை உரிய வேளையில் எட்டாது. புதிய நிறுத்தியோடே வண்டி கொதிக்கும். சிலவற்றின் விளிம்பில் ஆடும் சிறு ஊசியொன்று உண்டு. சிறைப்பட்ட காற்று வெளியேறுவதற்கான வழி அது. நிறுத்தி நிமிர்ந்து பொருந்தும் வண்டிகளில் அவ்வூசி பெரும்பாலும் மேற்பக்கம் நிற்க வேண்டும். வண்டியின் கைந்நூல் வேறு இடம் குறித்திருந்தால் அதுவே கொள்ளத்தக்கது. பழைய காஸ்கெட்டின் ஒட்டுகளை, உலோகத்தைக் கீறாமல் சுரண்டி, இரு முகங்களையும் துடைத்துப் புதிய காஸ்கெட்டையோ றப்பர் வளையத்தையோ இடவேண்டும். மூடியைப் பொருத்தும்போது ஓர் ஆணியை முற்றாக இறுக்கிவிட்டு மற்றதைத் தொடக்கூடாது. எல்லாவற்றையும் மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்கவேண்டும். அலுமினிய மூடிகள் அளவுக்கு மிஞ்சிய பலத்தைத் தாங்கா, விரிசல் விடும்.

பின்னர் கூலன்டை மெல்ல ஊற்றவேண்டும். விரைந்து ஊற்றினால் காற்று உள்ளே சிறைப்படும். காற்று நீக்கும் திருகு உள்ள வண்டியில், அதனைத் தளர்த்தி நீர் வழியும்வரை விடவேண்டும். பிறவற்றில், குளிர்ந்த நிலையிலேயே மூடியைத் திறந்துவைத்து எஞ்சினை இயக்கி, நிறுத்தி திறந்து நீர்மட்டம் தாழும்போது மேலும் ஊற்றி, முட்டைபோல் குமிழ்கள் எழுவது நின்றதும் மூடவேண்டும். அவ்வேளை முகத்தையும் கையையும் விலக்கி வைத்தல் நன்று. ஹைபிரிட் முதலிய புதிய வண்டிகளில் காற்று நீக்குவதற்குத் தனி முறைகள் உள்ளமையால், அவற்றின் கைந்நூலையே பின்பற்றவேண்டும். முதல் ஓட்டம் முடிந்து எஞ்சின் முற்றாக ஆறியபின் மட்டத்தை மீண்டும் ஒருமுறை பார்த்தல் வேண்டும்.

நிறுத்தி விரைவில் பழுதாவதற்குக் கெட்ட நீரே பெரும் காரணம். சுண்ணாம்புக்கல் நிலமாகிய யாழ்ப்பாணத்தில், கிணற்று நீரைக் காய்ச்சும் கேத்தலின் உட்புறத்தில் வெண்படலம் படிவதை எல்லோரும் கண்டிருப்பர். அதே படலம் எஞ்சினின் நீர்வழிகளிலும் றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. வெறும் நீர் துருவையும் உண்டாக்கும். அத்துருத்தூள் வால்வின் விளிம்பிலே சிக்கினால் அது முழுதும் மூடாது. எனவே வண்டியின் கைந்நூலில் குறித்த கூலன்டை, காய்ச்சி வடித்த நீரோடு உரிய அளவில் கலந்து இடுவதே முறை. உறைபனி காணாத கொழும்புக்குக் கூலன்ட் எதற்கு என்பாரும் உளர். உறைதலைத் தடுப்பதோடு, துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் அதன் தொழில்களே. ஆனால் அதிலுள்ள எதிலீன் கிளைக்கோல் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. குழந்தைகளுக்கும் நாய் பூனைகளுக்கும் எட்டாதவாறு அதனை வைத்தல் வேண்டும். இறக்கிய பழைய திரவத்தை வீதியோர வடிகாலில் ஊற்றுவது தகாது. பம்பலப்பிட்டியின் வடிகால் நீர் நெடுந்தூரம் செல்வதில்லை. கடல் பக்கத்திலேயே இருக்கிறது.

புதிய நிறுத்தியை வாங்கப் பஞ்சிகாவத்தைக்குச் செல்வோர் சில செய்திகளை நினைவிற்கொள்ளவேண்டும். வண்டியின் எஞ்சின் இலக்கத்தையும் பழைய நிறுத்தியையும் கையோடு கொண்டுபோதல் நலம். விட்டம் ஒத்திருப்பது மாத்திரம் போதாது. பொறித்துள்ள பாகையும், அடித்தட்டு உண்டா இல்லையா என்பதும் ஒத்திருக்க வேண்டும். கழற்றிய எஞ்சினிலிருந்து எடுத்த பழைய நிறுத்தி எவ்வளவு மலிவாயினும் வாங்கத்தக்கதன்று. அதன் மெழுகு எத்தனை முறை உருகி உறைந்ததென்பதை எவரும் அறியார். நீர்ப்பம்பை மாற்றும்போதும், ஆண்டுகள் பல சென்று கூலன்டை முற்றாக மாற்றும்போதும் நிறுத்தியையும் சேர்த்து மாற்றுவது சிக்கனமே.

ஏற்கெனவே நிறுத்தி கழற்றப்பட்ட வண்டியை வாங்கியோர் அவசரப்பட்டுப் புதியதைப் பொருத்திவிடலாகாது. முதலில் றேடியேற்றரைக் கழுவுவித்து, விசிறியும் மூடியும் செம்மையாக உள்ளனவா எனப் பார்க்கவேண்டும். இவற்றைச் செய்யாது பொருத்தினால், மறைந்திருந்த பழைய நோய் வெளிப்பட்டு வண்டி சூடேறும். உடனே புதிய நிறுத்தியின் மீது பழி விழும். மறுபடியும் அது குப்பைத்தொட்டிக்குப் போகும்.

ஆகவே, "இதைக் கழற்றிவிடுவோம்" என்று கராஜில் எவரேனும் சொன்னால், வண்டிக்குரியவர் அவரோடு வாதிடத் தேவையில்லை. "வண்டி ஏன் சூடாகிறது, பாஸ்?" என்று அமைதியாகக் கேட்டால் போதும். காரணத்தைத் தேடிக் கண்டு சொல்பவர் நல்ல தொழிலாளர். அவர் கையில் வண்டியை நம்பி ஒப்படைக்கலாம். நிறுத்தியே பழுதென்று அவர் சோதித்துக் காட்டினால், அன்றே புதியதொன்றை வாங்கி அதே இடத்தில் பொருத்துவிப்பதே உரியவர் செய்யத்தக்க காரியம்.